துணி மாதிரி ஒரு பை

மார்ச் 4

சின்னவளுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுக்காதே. போனில் திட்டினால் காற்றோடு போய்விடும். தாளில் திட்டினால் பத்திரமாக வைத்துப் படிக்கலாம். நம் கடைச் சரக்கு வேன் உன் ஊர் வழியாகப் போகிறது. டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் இருந்தால் அவரிடமே கொடு.

நீ இந்த வீட்டில் செய்த கூத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஷவரைக் கழற்றிவிட்டு வாளி வைத்தாய், சரி. துணி அலசிய தண்ணீரில் வாசல் கழுவினாய், சரி. நான் அறையிலிருந்து ஒரு காலை வெளியே வைப்பதற்குள் விளக்கை அணைத்தாய். கதவில் முட்டிக்கொண்டேன், அதுவும் சரி. மொட்டைமாடியில் மண்தொட்டி வைத்துக் காய்கறித் தோலைப் போட்டுப் புழு வளர்த்தாய். "ஊர்ல நாய் வளப்பாங்க, பூனை வளப்பாங்க, உங்க தங்கச்சி புழு வளக்கறாங்களாமே?" என்று பக்கத்து இரும்புக்கடைக்காரர் கேட்டபோதுகூட, "உங்க வீட்டுப் பசங்களைவிட அது அடக்கமா இருக்கு"ன்னு உனக்காகத்தான் பேசினேன்.

ஆனால் தெருக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று என்ன சொன்னாய்? "முதல்ல எங்க அக்கா கடையில வாங்கறத நிறுத்துங்க." என் வாடிக்கைக்காரர்களிடம், என் முகத்துக்கு நேராக. எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய கைகளில் பாதிக்கு மேல் என் கடை பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வேடிக்கையை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அப்பாவும் அம்மாவும் போனபின், பஸ் நிலையத்தில் தோளில் பைக்கட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூவி விற்றவள் நான். தொண்டை கட்டிப் போகும். அந்தத் தொண்டையில்தான் நீ படித்தாய். படித்து முடித்து முதல் பாடத்தை என்னிடமே நடத்துகிறாய். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாயும் முன் கொஞ்சம் பின்வாங்குமாம். நீ அதுகூடச் செய்யவில்லை.

கோபம் தீர்ந்தால் வா. மாடி அறையில் எதையும் தொடவில்லை. ஜன்னல் திரைகூட அப்படியே தொங்குகிறது.

ஒரே ஒரு கேள்வி. உன் புழுத்தொட்டியை என்ன செய்ய? நாறுகிறது.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

தாளைத் திருப்பிப் பார்த்து முகம் சுளிக்காதே. இங்கே குடியிருப்புச் சங்கத்தில் அச்சடித்து மீந்த அறிவிப்புத் தாள்கள். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது, எழுதத் தோதாக இருக்கிறது. நீ கடைப் பெயர் போட்ட வழவழத் தாளில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, பின்பக்கத்தைத் தொடாமல் அடுத்த தாளை எடுத்திருக்கிறாய். அதைப் பார்த்ததும் நீ எதிரில் நிற்பதுபோல் இருந்தது.

நான் உன் கடையை மூடச் சொல்லவில்லை. மழையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குள் ஏறியதே, நினைவிருக்கிறதா? அவருடைய அம்மா கட்டிலிலிருந்து இறங்க முடியாமல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துப்புரவுக்காரர் கழியை விட்டு அடைப்பை எடுத்தார். எடுத்ததையெல்லாம் நம் வாசலில் வரிசையாகப் பரப்பினார். அத்தனையும் பச்சைக் கோடு போட்ட உன் கடைப் பை. நீதான் பேசினாய். "போட்டவன் கையப் புடி, வித்தவ கைய ஏன் புடிக்கற?" அந்த வார்த்தையை விழுங்க முடியாமல்தான் கூட்டத்தில் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது என்று நீ நினைக்கிறாய். உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நான் சொல்கிறேன். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் வேலை. குடியிருப்பது நிறைய மாடிகள் உள்ள பெரிய கட்டடம். குப்பையைப் பிரித்துப் போடும் ஏற்பாட்டைச் சங்கம் என் தலையில் கட்டியிருக்கிறது. முதல் வாரம் ஒருத்தரும் பிரிக்கவில்லை. நானே கையுறை மாட்டிக்கொண்டு கீழே நின்று பிரித்தேன். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர், மூக்குக்கண்ணாடி வழியாக அதை வேடிக்கை பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு, பாவம்" என்றார். இப்போது எல்லாரும் என்னைக் "குப்பை மேடம்" என்கிறார்கள். பரவாயில்லை, மேடம் என்றாவது சொல்கிறார்கள்.

தொட்டி நாறுகிறதென்றால் ஈரம் அதிகம். காய்ந்த இலையோ கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டுக் கழியால் கிளறு. எண்ணெய்ப் பண்டம் போடாதே. முடியாதென்றால் மரத்தடியில் கொட்டிவிடு. சாக்கடையில் கொட்டாதே.

தங்கை


ஏப்ரல் 12

சின்னவளுக்கு,

கொட்டவில்லை. மரத்தடி வரை அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் இரும்புக்கடைக்காரருக்கு இன்னொரு சிரிப்புக் கிடைக்கும். அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டேன். என் கடை முழுக்க அட்டைப்பெட்டிதானே? நாற்றம் குறைந்தது. புழுக்கள் என்னைவிட நன்றாகச் சாப்பிடுகின்றன. சரக்கு வந்தால் உடனே தள்ளிவிடுகின்றன, தேக்கம் கிடையாது. வியாபாரம் தெரிந்த ஜீவன்.

என் வியாபாரம்தான் தேங்கிக் கிடக்கிறது. நீ பேசிய பேச்சுக்குப் பிறகு தெருப்பெண்கள் வீட்டிலிருந்து பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். என் கடையைத் தாண்டும்போது அந்தப் பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறார்கள். பார் என்கிறார்களாம். தையல்காரர் மட்டும் வணக்கம் சொல்கிறார். அவர் வீட்டுத் தரையைக் கழுவ நான்தான் ஆள் அனுப்பினேன் என்று உனக்குத் தெரியாது. நீயும் கேட்கவில்லை.

மெல்லிசுப் பையை இனி விற்கக் கூடாது என்று உத்தரவும் வந்துவிட்டது. வரட்டும். ஒரு கதவு மூடினால் ஒட்டுத்திண்ணையில் உட்கார்ந்து அழுபவள் நானில்லை. புதுச் சரக்கு இறக்கியிருக்கிறேன். நீயே மெச்சுவாய்.

உன் கடிதத்தின் பின்பக்கத்தையும் படித்தேன். எனக்கு ஒரு எழுத்தும் வீணாகக் கூடாது. வீட்டுக்கு இரண்டு துணிப்பை கொடுக்கப் போகிறீர்களாமே? "குறைந்த விலையில் தரக்கூடியவர்கள் சங்கச் செயலாளரை அணுகவும்" என்று போட்டிருக்கிறது. குறைந்த விலையில் துணி. யார் எழுதினது, நீயா? நடக்கட்டும். நன்றாக இருங்கள்.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பை வந்துவிட்டது!

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வியாபாரி தானாகவே சங்கத்தைத் தேடி வந்தார். இளம்பச்சை, நடுவில் இலைப் படம். அடியில் ஒரு வரி என் யோசனை: "இது திரும்பத் திரும்ப வரும்." ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி நானே கையில் கொடுத்தேன். "குப்பை மேடம், இது நெஜமாவே துணிதானே?" என்று ஆடிட்டர் தடவிப் பார்த்தார். "நான் பொறுப்பு சார்" என்றேன். இப்போது காலையில் மாடிப்படியில் பார்த்தால் எல்லார் கையிலும் பச்சை.

மற்றதும் மெல்ல நடக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்கிறார்கள். ஒரு வெயில் நாளில் வாஷிங் மெஷின் டிரையரை யாரும் போடவில்லை, பால்கனி முழுக்கத் துணி ஆடியது. எதிர்வீட்டுப் பெண் தொட்டி வைத்துப் புழுவே வளர்க்கத் தொடங்கிவிட்டாள். ராத்திரி எழுந்து பார்க்கிறாளாம், சரியாகச் சாப்பிட்டதா என்று.

தையல்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பியது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

உனக்கும் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். காய்கறிக்கு வைத்துக்கொள். மெச்சுவேன் என்று எழுதியிருந்தாயே, என்ன புதுச் சரக்கு? இந்த மாதிரிப் பை நீ விற்றால், சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கல்லாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நானே கூவி விற்பேன். உன் அளவுக்குத் தொண்டை கிடையாது, ஆனாலும் விற்பேன்.

தங்கை


ஆகஸ்ட் 7

சின்னவளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை. சரக்குக்கு விலை சொல்ல ஒரு நொடி யோசிப்பேன், அவ்வளவுதான்.

பை வந்தது. கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். மாட்டும்போதே சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது என் கிடங்கிலிருந்து கிளம்பிய பை. ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே வந்திருக்கிறது. "திரும்பத் திரும்ப வரும்" என்று நீ எழுதியது பொய்யில்லை.

அந்த ரயில் நிலையத்து வியாபாரி என்னிடம் சரக்கெடுப்பவர். உன் அறிவிப்பைப் படித்துவிட்டு அவரை உங்கள் சங்கத்துக்கு அனுப்பியது நான்தான். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் நீ பையைத் தொட்டிருக்க மாட்டாய்.

ஆக, நான் அந்தப் பை விற்கிறேன். நீ சத்தியம் எழுதியிருக்கிறாய். மறுநாள் என்று எழுதியிருக்கிறாய். நான் அவ்வளவு கறாராகப் பிடிக்கவில்லை. இந்த மாதத்துக்குள் வந்தால் போதும். கல்லாவில் இன்னொரு நாற்காலி போட்டாயிற்று.

ஒரு விஷயம். பையைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், வெயிலில் காயப் போட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவை. அந்தச் சரக்குக்கு வெயில் ஆகாது.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

வெயில் ஆகாதென்று மே மாதமே எழுதியிருக்கலாம்.

எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் வந்தாள். பால்கனிக் கொடியில் தொங்கிய பையை எடுத்திருக்கிறாள், கையோடு பொடியாக வந்திருக்கிறது. பச்சைச் செதில். தரையெல்லாம், துவைத்த துணியெல்லாம், அவள் குழந்தையின் தலைமுடியெல்லாம். "இது என்ன துணி மேடம், சுண்ணாம்பு மாதிரி உதிருது?" என்றாள். அன்று மாலைக்குள் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆள் வந்தார்கள்.

கூட்டம் போட்டார்கள். ஆடிட்டர் தன் பழைய கைக்குட்டை ஒன்றையும் என் பையிலிருந்து ஒரு துண்டையும் மேஜைமேல் வைத்தார். தீப்பெட்டி எடுத்தார். கைக்குட்டை எரிந்து சாம்பலாகியது. பை எரியவில்லை, சுருண்டது, உருகியது, தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்து கறுப்பு மணியாக உறைந்தது. "துணின்னா சாம்பலாகணும் மேடம். இது அழுவுது" என்றார். யாரோ சிரித்தார்கள். முழுக்கப் பிளாஸ்டிக். இழை இழையாக இழுத்து, சூடு வைத்து ஒட்டி, துணி மாதிரி செய்தது. மெல்லிசுப் பையாவது முழுசாக அடைக்கும், கழி விட்டு எடுக்கலாம். இது உதிர்ந்து தண்ணீரோடு போய்விட்டது. எந்தக் கழியால் எடுப்பது?

"விற்றவரை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று செயலாளர் கேட்டார். தெரியாது என்றேன். சத்தியம் செய்தேன். படியிறங்கினால் காவலாளியிடம் உன் கடிதம்.

மறைத்திருக்கலாம். மறுநாள் காலையில் அதை எடுத்துப் போய்ச் சங்கத்தில் நானே படித்துக் காட்டினேன். "நாற்காலி போட்டாயிற்று" என்ற இடம் வரை படித்தேன். ஆடிட்டர்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அப்ப அக்காவும் தங்கச்சியும் சேந்துதான் கடை நடத்தறீங்க?" நான் என்ன சொன்னாலும் அதற்குமேல் யார் காதிலும் ஏறவில்லை.

இப்போது எல்லாம் ஒரே வாளியில் விழுகிறது. வேண்டுமென்றே என் கண்ணெதிரில் கொட்டுகிறார்கள். "நீங்க நிம்மதியாத் தூங்குங்க மேடம், இனிமே உங்களுக்குப் பிரிக்கற வேலை இல்ல." ஏசித் தண்ணீர் மறுபடி சுவரில் வழிகிறது. எதிர்வீட்டுப் பெண் தன் புழுத்தொட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பை ஒன்று பொய்யென்றால் நான் சொன்ன எல்லாமே பொய் என்று ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது துணியில்லை என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

தங்கை


செப்டம்பர் 5

சின்னவளுக்கு,

தெரியும்.

தெரியாது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அதனால்தான் எழுதவில்லை. நான் சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் இறக்குபவளில்லை. தீக்குச்சி எனக்குத் தேவையில்லை, நகத்தால் சுரண்டினாலே தெரியும்.

இப்போது நான் கேட்கிறேன். துணி என்றால் பருத்தி வேண்டும், நூற்க வேண்டும், நெய்ய வேண்டும், தைக்க வேண்டும். அந்த வியாபாரி சொன்ன விலைக்குத் துணி எங்கிருந்து வரும்? கணக்கிலேயே தலை நரைத்த ஆடிட்டருக்குத் தெரியாதா? பில் கவுண்டரில் உட்காரும் உனக்குத் தெரியாதா? மனசின் மூலையில் ஒன்று முனகியிருக்கும். அதைப் பேசாதே என்று அடக்கிவிட்டு வாங்கினீர்கள். பார்க்கத் துணி மாதிரி இருக்க வேண்டும், விலை பை மாதிரி இருக்க வேண்டும், மனசுக்குப் புண்ணியம் மாதிரி இருக்க வேண்டும். உலகம் முழுக்கக் கேட்பது இதைத்தான். நான் விற்கிறேன். நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான், அவன் வெயிலில் போடாதே என்றுகூடச் சொல்ல மாட்டான்.

இதுவரை வியாபாரி பேசினேன்.

உன் அறிவிப்பைப் பார்த்த அன்று தெருப்பெண் ஒருத்தி பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனாள். என் சரக்கைத் தொடாதே என்று ஊருக்குச் சொன்னவள், தன் கையாலேயே அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று தோன்றியது. வீம்புதான். நீ கதவைத் தட்டிக் கொடுத்ததாக எழுதினாயே, அதைப் படித்தபோது ஒரு நிமிடம் இனித்தது. அதே கடிதத்தின் கடைசியில் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அப்புறம் இனிக்கவில்லை.

அழுவது எனக்கு வராது. சரக்கு அனுப்பத்தான் வரும். அசல் பருத்திப் பை, தையல்காரரிடம் சொல்லித் தைத்தது, உங்கள் கட்டடத்துக்கு மொத்தமும் வேனில் வருகிறது. காசு வேண்டாம். எரித்துப் பார்க்கச் சொல். சாம்பலாகும். உன் பெயர் நிமிர்ந்ததும் வா.

அக்கா


அக்டோபர் 3

அக்காவுக்கு,

பருத்திப் பை வந்தது. காவலாளி வாசலில் அடுக்கிவைத்தார். ஆடிட்டர் ஒன்றை எரித்தார். சாம்பலாகியது. "இது அசல்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதன்பிறகும் ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று மழைக்கு அது அங்கேயே நனைந்தது. தையல்காரரிடம் சொல்லாதே.

பொடிந்தது போக மீந்த பச்சைப் பைகளைச் சங்கம் திருப்பி அனுப்புகிறது. இதே வேனில் வருகின்றன.

நீ கேட்டது சரி. மூலையில் முனகியது. விலையைக் கேட்டபோது எனக்கும் முனகியது. அடக்கினேன். அந்தப் பங்கு என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன். மீதி உன்னுடையது. அதை இந்தக் கடிதத்தோடு உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

மாதக் கடைசியில் வீடு மாறுகிறேன். எங்கே என்று டிரைவருக்குச் சொல்லவில்லை. அவரைக் குடையாதே.

பின்பக்கத்தைத் திருப்ப வேண்டாம். இது புதுத் தாள். உனக்கு எழுதுவதற்கென்றே கடைக்குப் போய் வாங்கினேன். நீ படிக்க அங்கே ஒன்றுமில்லை.

தங்கை


அக்டோபர் 14

சின்னவளுக்கு,

இதைப் பிரித்ததும் உன் எழுத்தைத்தான் முதலில் பார்ப்பாய். திருப்பினால் நான். உன் கடைசிக் கடிதத்தை என்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. வீணாக்கக் கூடாது என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய்.

டிரைவரைக் குடையவில்லை. நீ மாறுவதற்கு முன் இதைச் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

உன் தொட்டி கறுப்பு மண்ணாகிவிட்டது. நாற்றமே இல்லை. மழை பெய்த மறுநாள் வாசனை அடிக்கிறது. கொட்ட மனசில்லை, தோல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அறையை விட்டு வரும்போது விளக்கை அணைக்கிறேன். அணைத்த பிறகுதான் தெரிகிறது, முட்டிக்கொள்ள எதிரில் யாரும் இல்லை. இதையெல்லாம் எழுதுவது நீ இரங்கி வருவதற்காக இல்லை. நீ வர மாட்டாய். எனக்கு ஆள் தெரியும், நான் வளர்த்த ஆள்.

பச்சைப் பைகள் வந்து இறங்கின. விற்க மாட்டேன். எரித்தால் உருகும், புதைத்தால் மக்காது, வெளியே வைத்தால் உதிர்ந்து ஊரெல்லாம் பறக்கும். எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும். வெயில் படாமல் மூடிவைக்க, காலி அறை இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

உன் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கூரை வரை அடுக்கிவிட்டேன். ஜன்னல் திரையை இழுத்து மூடியிருக்கிறேன். இருட்டில் அவை நெடுநாள் கெடாமல் இருக்கும்.

அக்கா